நாலு கோடு

பாயோட ஒட்டவைக்கிற ஊர் என்று
எங்களைப் பற்றி வெளியூரில் ஒரு கதை.
வானின் கூரையோடு அதன் காற்றாடியை ஒட்டவைக்க
எனக்குப் பத்து மாசம் பிடித்தது.

போன மார்கழி,
குருநாகலில் இருந்து வந்த புதுத் தம்பதி
கல்குடா இருட்டில் ஒன்றரை மணிக்குக் கதவைத் தட்டினார்கள்.
முதல் சொட்டு நெற்றியில், அடுத்தது கழுத்தில்,
மறுகா மெத்தை முழுக்க.
பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.
மன்னிப்புக் கேட்டது அந்தப் பெண்.
அதுதான் தாங்கவில்லை.

படுக்கைக்கு மேலேதான் ஒழுகியது.
ஓட்டை அங்கே இல்லை.
முன்பக்கக் காற்றாடி விளிம்பால் நுழைந்த தண்ணி
உள்தகட்டின் முதுகில் எட்டடி ஊர்ந்து
தனக்குப் பிடித்த திருகாணியைப் பார்த்து இறங்கியிருக்கிறது.

கமலரூபனிடம் ஒரே வைத்தியம், சிலிக்கன்.
முந்தின வருசத்துப் பூச்சின் மேல் போன வருசத்துப் பூச்சு.
கண்ணாடியை அது விடாது,
தன் மேல் மட்டும் ஒன்றையும் ஒட்ட விடாது,
இன்னொரு சிலிக்கனைக்கூட.
நகத்தால் நெம்பினேன்.
அவித்த முட்டைத் தோல் போல
முழுசாய்க் கழன்று கையில் வந்தது.
அவர் அதைப் பார்க்காதது போல் தேத்தண்ணி குடித்தார்.

ஓட்டமாவடிக் கடையில் பர்வீனா
மேசையில் நாலு டியூப்பை நிறுத்தினாள்.
எது கனநாள் நிக்கும் என்று கேட்டேன்.
"எல்லாத்திலயும் பத்து வருசம் எண்டுதான் எழுதியிரிக்கி.
எந்த ஊர் வருசம் எண்டு எழுதல்ல."

நாலையும் வாங்கினேன்.
மிஞ்சிய அலுமினியத் தகட்டில் நாலு கோடு இழுத்து
குளியலறைக் கூரையில் கல் பாரம் வைத்துக் கிடத்தினேன்.
மாசி பதினாறு.

பக்கத்து வளவுத் தவமலர்
வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.
"என்னகா, தகடு வைச்சிரிக்காய், ஆருக்கு?"
"மழைக்கு" என்றேன்.
அன்றோடு அவளுடைய கோழிகள்
எங்கள் பக்கம் வருவது நின்றது.

பங்குனி, சித்திரை,
ஏணி வைத்து ஏறினால் தகடு கையைச் சுட்டது.
பிறகு கச்சான். மணலும் உப்புமாய் அள்ளி
நாலு கோட்டிலும் உரசிக்கொண்டே இருந்தது.

முதலாவது, சிலிக்கன்.
வெள்ளை மாறவில்லை, ஓரம் மட்டும் உதடு பிரிந்தது.
இரண்டாவது, பொலியூரித்தேன்.
உடும்புப் பிடி. ஆனியில் மஞ்சள்,
ஆடி முடிய வயல்வெடிப்பு.
மூன்றாவதைக் காகம் கொத்திக்கொண்டு போனது.
அது எப்படிப்பட்டதென்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.
அந்தக் கூடு ஒழுகாமல் இருக்கட்டும்.

நாலாவது வாயில் நுழையாத பெயர்,
மற்ற மூன்றையும் கூட்டினால் வரும் விலை.
தகட்டை இரண்டு கையாலும் வளைத்தேன், கூட வளைந்தது.
விட்டேன், கூட நிமிர்ந்தது.
ஐப்பசி இரண்டு. கீழே இறங்கினேன்.

வான் வீடில்லையே.
வெயிலில் நீண்டு இரவில் சுருங்கும்,
நாவலடி ரோட்டுக் குழியில்
கூரை ஒரு பக்கம் காற்றாடி ஒரு பக்கம் போகும்.
இறுக்கிப் பிடிப்பதை நம்பி
இரண்டு மாரி ஏமாந்திருக்கிறோம்.

மூன்று நாள் சுரண்டினோம்.
பழைய சிலிக்கனின் கடைசித் தும்பும் போகும்வரை
ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம்.
விளிம்புக்கு அடியில் பியூட்டில் நாடா,
சூயிங்கம் மாதிரி, கறுப்பு, எந்நாளும் காயாதது.
ஒவ்வொரு திருகாணித் தலையிலும் ஒரு பொட்டு.
மேலே நாலாவது கோடு.
விரலில் ஒட்டியது ஞாயிறு வரை போகவில்லை.

காய விட்டு,
கமலரூபன் குழாயோடு கூரைக்கு ஏறினார்.
நான் உள்ளே, மெத்தையில் மல்லாந்து,
அந்தத் திருகாணிக்கு நேர்கீழே.
வாங்கிய நாள்முதல் விரித்திருக்கிறேன், துவைத்திருக்கிறேன்,
ஒருநாளும் இதில் படுத்ததில்லை.
தண்ணீர் தகட்டில் ஓடும் சத்தம்.
சன்னலுக்குள் கொஞ்சம் கடல்.

"ஒழுகுதா?" என்று மேலிருந்து கேட்டார்.
திருகாணி காய்ந்து கிடந்தது.
"தெரியல்ல" என்றேன்,
"இன்னும் கொஞ்ச நேரம் ஊத்துங்க."