ஆறாவது ஊசி

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ். மாடியில் டிசைன் பிரிவு.
கீழே லேத் ஓடினால்
மேலே என் தேநீர் வட்டம் வட்டமாக நடுங்கும்.

பூட்டுக்குள் ஐந்து ஊசி, ஒவ்வொன்றும் இரண்டு துண்டு.
மேல்துண்டை ஸ்பிரிங் அழுத்தும்,
கீழ்த்துண்டைச் சாவியின் பல் தூக்கும்.
ஐந்து பிளவும் ஒரே கோட்டில் வந்து நின்றால்தான்
சிலிண்டர் சுற்றும்.
மயிரிழை குறைந்தாலும் சுற்றாது,
கூடினாலும் சுற்றாது.

இது பாடப்புத்தகம்.
டூல்ரூம் ரேவணசித்தப்பா சிரிப்பார்:
"ஒரு மயிரிழை இல்லை மேடம், மூன்று."
துளைக்கும் ஊசிக்கும் நடுவே இடம் விடாவிட்டால்
ஜாலஹள்ளித் தூசியில் ஒரே மாதத்தில் இறுகிவிடும்.
வீட்டுக்காரன் கைக்கு இளகிக்கொடுக்கும் அதே இடைவெளி
கம்பியோடு வருகிறவனுக்கும் இளகிக்கொடுக்கிறது.
என் சம்பளம் அந்த இடைவெளியிலிருந்து வருகிறது.

மேல்துண்டுகளுக்கு இடுப்பை ஒடுக்கினேன்,
உடுக்கை மாதிரி.
கம்பி நெம்பினால் கொஞ்சம் சுற்றிக்கொடுத்து
திறந்துவிட்டதாக நம்பவைத்து
அங்கேயே கவ்விக்கொள்ளும்.
பழையதை நாற்பது நொடியில் திறந்த நஸ்ரீன்
புதியதோடு பதினொரு நிமிடம் மல்லுக்கட்டினாள்.
பிறகு கம்பியை வைத்துவிட்டு விரலை நீவிக்கொண்டாள்.
"திட்டவேண்டும்போல இருக்கிறது" என்றாள்.
அன்றைக்கு எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

அப்புறம் மாரத்தஹள்ளி ஆர்டர் வந்தது.
பெண்கள் பி.ஜி., முந்நூற்று இருபது கதவு,
எல்லாவற்றுக்கும் ஒரு மாஸ்டர் சாவி.

மாஸ்டர் சாவி என்றால்
ஊசியின் நடுவே இன்னொரு வில்லை.
ஒரு பிளவு இருந்த இடத்தில் இரண்டு.
ஷெணாய்க்கு வரைந்து காட்டினேன்:
"ஐந்திலும் வில்லை போட்டால் சார்,
இரண்டு சாவிக்கு இல்லை,
முப்பத்திரண்டு சாவிக்குத் திறக்கும்."
"மீதி முப்பதை நாம் செய்யப்போவதில்லையே" என்றார்.

நான் கணக்கைப் பற்றியா சொன்னேன்?

பி.டி.எம். லேஅவுட்டில், மூன்றாம் மாடியில்,
என் முதல் வேலையின் முதல் வருடம்.
பூட்டிய அறை பூட்டியபடி இருந்தது.
சீப்பு ஜன்னலோரம் போயிருந்தது.
கொடியில் காயப்போட்டவை
மடித்து, கட்டில்மேல்.
பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.
யாரிடம் போய் என்ன சொல்வது?
துணி மடிந்திருக்கிறது என்றா?

ஆறாவது ஊசியை அன்றிரவே வரைந்தேன்.
மாஸ்டர் சாவி மட்டும் ஒரு பல் நீளம்.
அது நுழைந்து சுற்றினால்
ஆறாவது ஊசி பக்கத்துப் பள்ளத்தில் விழுந்து
உட்கார்ந்துகொள்ளும்.
அறைக்காரி வந்து சாவி போட்டால்
வலப்பக்கம் நகராது.
முதலில் இடப்பக்கம், கால் சுற்று.
உள்ளே ஒரு டொக்.
ஊசி எழுந்து தன் இடம் போகும்,
அதற்குப் பிறகு கதவு.

யாரையும் தடுக்காது.
வந்து போனதைச் சொல்லும்.

ரேவணசித்தப்பா இரண்டு மாதிரி கடைந்து தந்தார்.
சுற்றிப் பார்த்து, காதருகே வைத்துக் கேட்டு
"சாக்ஷி" என்றார் கன்னடத்தில்.
என் நோட்டில் சாட்சி என்று எழுதிக்கொண்டேன்.

ஷெணாய் எவ்வளவு கூடும் என்றார்.
பூட்டுக்கு நான்கு ரூபாய் முப்பது பைசா.
"பி.ஜி. ஓனர் இதைக் கேட்கவில்லையே."
"கேட்கமாட்டார் சார்."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஃபைல் இன்னும் அவர் மேசையில்,
மேலே ஒரு பேப்பர்வெயிட்.

மாதிரி ஒன்றை தாசரஹள்ளியில் என் கதவில் மாட்டியிருக்கிறேன்.
அதன் மாஸ்டர் சாவி என் டிராயரில்தான், வேறு எங்கும் இல்லை.
வலப்பக்கம் திருப்பினால் போதும், திறந்துவிடும்.
தெரியும்.

இருந்தாலும் ஒவ்வொரு மாலையும்
பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு
இடப்பக்கம் திருப்பிப் பார்க்கிறேன்.