பின்பக்கமாக நடத்தல்

சுவரில் விரலால் ஏறுங்கோ என்றா சிஃபானா மிஸ்,
ஆஸ்பத்திரியின் பதினோராம் அறையில்.
சுட்டுவிரலும் நடுவிரலும்
இரண்டு குட்டிக் கால்கள் மாதிரி.
எட்டின இடத்தில் பென்சிலால் கோடு.

குசினிச் சுவரில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில்,
என் வலது தோளின் உயரம்
மாசிக்கும் வைகாசிக்கும் இடையில்
ஒரு தீப்பெட்டி அகலம் வளர்ந்திருந்தது.

காணிப் பதிவகத்தில் இருபத்திரண்டு வருசம்
மற்றவர்களின் எல்லைகளைத் தட்டெழுதிய கை.
வடக்கே இன்னார், கிழக்கே கடல்.
இப்போது தன் தலையைத் தானே சீவாது.
முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு போன அன்று
கந்தோரில் எல்லோரும் வடிவென்றார்கள்.
ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை.

நடக்கச் சொன்னது யாருமில்லை.
கரண்ட் போன ஒரு விடியற்காலை,
காத்தாடி நின்ற அறையில் படுக்க முடியாமல்
உப்புவெளிக் கரைக்குப் போனேன். அவ்வளவுதான்.
கச்சான் காற்று இரவு முழுதும் வீசி
பாய் விரித்த மாதிரிக் கடலை
மட்டமாய் வைத்திருந்தது.
விடுதிகளின் முன்னால் ஒரு வெள்ளைக்காரன்
ஒற்றைக் காலில் நின்று சூரியனைக் கும்பிட்டான்.
நான் செருப்பைக் கையில் எடுத்தேன்,
இடது கையில்.

அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும்.
ஈர மணலில் குதிக்கால் புதைந்து,
விடுபட்டு, புதைந்து.
நண்டுகள் என் வருகைக்குப் பழகவேயில்லை.

ஆனி நடுவில் ஒருநாள்
சல்லிப் பக்கம் கரைவலை இழுத்தார்கள்.
இரண்டு வரிசை, இரண்டு வடம்.
வடக்கு வடத்தில் ஆள் குறைவு;
யாரோ கலியாண வீட்டுக்குப் போய்விட்டானாம்.
"அக்கா, சும்மா பார்த்துக்கொண்டு நிக்காம
ஒருக்காப் பிடியுங்கோவன்" என்றான் டிலோஜன்,
பகிடிக்குத்தான்.
பகிடியென்று தெரிந்தும் பிடித்தேன்.

ஈரக் கயிறு. உள்ளங்கையில் குத்தும் தும்பு.
ஆழத்தில் எங்கேயோ ஒரு மாட்டைக் கட்டியிருப்பது போல
அது என்னைக் கடலுக்கு இழுத்தது.
தோள் கத்தியது.
"கையால இல்லை அக்கா, குண்டியால இழுங்கோ!"
வரிசை முழுக்கச் சிரித்தது.
நானும்தான். வெட்கப்பட மூச்சு மிச்சமில்லை.

வலை இழுப்பவர்கள் முன்னுக்கு நடப்பதில்லை.
பின்னுக்குப் பின்னுக்கு,
முகம் மட்டும் கடலுக்கு.
இருபது வருசமாய் இந்தக் கடலுக்கு
முதுகைத்தான் காட்டி வந்திருக்கிறேன்.
அந்த மார்கழிக்குப் பிறகு
வீட்டு வாசலைக்கூட றோட்டுப் பக்கம் திருப்பினோம்.
இப்போது ஒவ்வொரு அடியும்
அதைப் பார்த்துக்கொண்டே,
அதன் பிடியிலிருந்து ஒரு சாண்,
இன்னொரு சாண், வாங்கிக்கொண்டே.
அதுவும் என்னைப் பார்த்தது.
மன்னிப்பு என்றெல்லாம் ஒன்றுமில்லை.
ஒரே கயிற்றின் இரண்டு முனையில் நின்றோம்.

மடி கரையேற ஒன்றரை மணித்தியாலம்.
காரல், கொஞ்சம் சூடை,
ஒரு பிளாஸ்டிக் கதிரையின் கால்.
இவ்வளவுக்கா என்று யாரும் கேட்கவில்லை.
எனக்கும் பங்கு வந்தது, சொப்பிங் பேக்கில்,
கண் இன்னும் மினுங்கும் பதினாலு மீன்.

கந்தோருக்கு அன்று பிந்திப் போனேன்.
வரவுப் பதிவேட்டில் கையொப்பம் வைத்தபோது
பேனாவில் மீன் மணந்தது.

ஆடி முடிகிறது. இன்னும் போகிறேன்.
ஆள் குறைந்தால் பிடிப்பேன், இல்லாவிட்டால் நடப்பேன்.
ஐப்பசி கழிந்து வாடை திரும்பினால்
கடல் யாரையும் கிட்ட விடாது.
அப்போது என்ன செய்வேனோ, தெரியாது.

நேற்று சிஃபானா மிஸ் கோடுகளைப் பற்றிக் கேட்டா.
கடைசிக் கோடு ஆனி பதினொன்றில் நிற்கிறது.
கீறவே மறந்துபோனேன்.
"சரி, கையைத் தூக்குங்கோ பார்ப்பம்."
காதைத் தாண்டியது. உச்சியைத் தொடவில்லை.
வலித்தது.
அந்த உயரத்திலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்,
யன்னலுக்கு வெளியே மான் ஒன்று
ஆஸ்பத்திரிக் குப்பையில்
வாழைப்பழத் தோலைத் தின்று முடிக்கும் வரைக்கும்.