குருமண்வெளித் துறையில் ஓர் உள்ளான்

பாதை அக்கரையில் நிற்கிறது.
இங்கே, வற்றத் தொடங்கிய தை மாதத்து வாவியின் ஓரம்,
கைக்குட்டை அகலச் சேற்றில்
ஒரு குருவி.

நுஸ்கியா தந்த புத்தகம் என்னிடம்.
சாப்பாட்டுப் பெட்டிக்கும் ஏழாம் ஆண்டுக் கணிதக் கொப்பிகளுக்கும் நடுவே கிடந்து
அதற்கும் இப்போது கொஞ்சம் பருப்பு மணம்.
பக்கம் நூற்றுப் பதினெட்டில்
ஒரே பறவையைப் பதினொரு தடவை வரைந்து
பதினொரு பெயர் போட்டிருக்கிறார்கள்
என்றுதான் முதல் கிழமை நினைத்தேன்.

இறால் கட்டுக்குப் போகிற பேரின்பராசாவுக்குப்
பதினொன்றும் உள்ளான்.
ஆனால் வலையில் விழும் மீனுக்கு
விரல் நீளத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்,
சாண் நீளத்தில் இன்னொன்று.
சந்தைக்குப் போகாததை ஏன் டீச்சர்
இவ்வளவு பிரிக்கிறீங்க என்றார்.
இன்னும் பதில் யோசிக்கிறேன்.

கொசு உள்ளானா, நீள்விரல் உள்ளானா?
புத்தகத்தின் வழி எளிது:
முன்னதற்குக் கால் கறுப்பு,
பின்னதற்கு மஞ்சள் கலந்த பச்சை.

படத்தில் இருப்பவை கழுவிய கால்கள்.
வரைந்தவர் மட்டக்களப்புச் சேற்றில்
ஒரு காலும் வைக்கவில்லை போல.
இந்த வாவியோரத்தில் எல்லோருக்கும்
முழங்கால்வரை கறுப்புத்தான்,
கொக்குக்கும், எருமைக்கும்,
நேற்றுச் செருப்பைக் கையில் பிடித்து இறங்கிய எனக்கும்.

படம் எடுத்து நுஸ்கியாவுக்கு அனுப்பினேன்.
மருதமுனையிலிருந்து உடனே வந்தது:
"கால் நிறம்?"

சரி, கழுவட்டும் என்று நின்றேன்.
தண்ணீர் விளிம்புவரை ஓடும்.
இதோ, என்று தொலைநோக்கியைத் திருகுவேன்.
திரும்பி வந்து சேற்றில் குத்தும்,
விடைத்தாளில் சரி போடுகிற அவசரத்தில்.

புத்தகம், குருவி, புத்தகம்.
படம், முகம், படம்.

இந்தத் தலையசைவு எனக்குத் தெரியும்.
இதே துறையில், இப்போது ஆட்டோ நிற்கிற இடத்தில்,
மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒருவன்
என் அடையாள அட்டையையும் என்னையும்
இப்படித்தான் மாறி மாறிப் பார்த்தான்.
எனக்குப் பதினேழு வயது.
படத்தில் இரட்டைப் பின்னல்,
அன்று ஒற்றை.
அந்த ஒரு பின்னலுக்காக மூன்று பாதை போனது.

தொலைநோக்கியை இறக்கினேன்.
வெறும் கண்ணுக்கு அது மிகச் சின்னது,
கண்ணா வேரின் நிழலோடு நிழலாய்
எதையோ தின்றுகொண்டிருந்தது.

"டீச்சர், ஏறல்லையா?
மறுகா சிவப்புக் கோட்டுக்குக் கீழதான் கையெழுத்து."
பேரின்பராசாவின் சைக்கிள் ஏற்கெனவே பாதையில்.
எஞ்சின் இருமியதும் உள்ளான் எழும்பியது.
ட்ரிட் என்றொரு சத்தம்,
சிறகில் வெள்ளைக் கோடு
(அது இரண்டுக்கும் உண்டாம்),
கால்களை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு
மண்டூர்ப் பக்கம், எனக்கு முன்னால்.

நடு வாவியில் குறிப்பேட்டைத் திறந்தேன்.
நாள், நேரம், காற்று.
இனம் என்ற கட்டத்தில்
தெரியாது என்று எழுதப் போன பேனை நின்றது.
இனந்தெரியாத என்ற சொல்லை
எங்கள் பத்திரிகைகள் வேறு எதற்கோ
பழக்கி வைத்திருக்கின்றன.
இரவில் வந்து கதவைத் தட்டியவர்களுக்கெல்லாம்
அதுதான் பெயர்.
முப்பது கிராம்கூட இல்லாத ஒன்றின் தலையில்
அதைத் தூக்கி வைக்க மனம் வரவில்லை.

எழுதினேன்:
உள்ளான். ஒன்று.
கால்: சேறு.

நுஸ்கியா ஒத்துக்கொள்ள மாட்டாள்.
சிவப்புக் கோட்டுக்குக் கீழே
ஏழு நாற்பத்தொன்று என்று நான் ஒப்பமிட்டபோது
அதிபர் முகத்தைப் பார்க்கவில்லை,
குனிந்து என் கால்களைத்தான் பார்த்தார்.