ரிட்டர்ன் காலி

மூன்றாவது பலகையும் முனகுகிறது.
பச்சைக்குப் பதில் இந்த முறை கறுப்புப் பூச்சு கேட்டிருந்தேன்,
நிறம் மாறினால் குணம் மாறும் என்பதுபோல.
திரையில், எட்டாயிரம் ஹெர்ட்ஸில்,
காலி மனையில் நட்ட செல்போன் கோபுரமாய்
நிற்கிறது அது.

எங்களுக்கு வேண்டியது வேறு ஓசை.
மல்லேஸ்வரத்தில் ஏதோ ஒரு கிராஸில்
சாலைக்கு ஆறடி கீழே
வார்ப்பிரும்புக் குழாயொன்று வாய்பிளந்து
காவேரியை மண்ணுக்குள் துப்பிக்கொண்டிருக்கிறது.
குழாய்மேல் காதை ஒட்டவைத்து
அந்தச் சீறலை எண்களாக்க வேண்டும்,
நொடிக்குத் தொண்ணூற்றாறாயிரம் முறை.
அதற்கென்று கடையில் பலகை கிடையாது.
ஆகவே நான்.

தேபஜித் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே சொன்னான்:
"விடு. நான்கு வரி நிரல் போதும்.
அந்த ஒரு அலைவரிசையை வெட்டி எறிந்துவிடலாம்."
வெட்டலாம்.
வெட்டிய இடத்தில்தான்
குழாயின் குரலும் இருந்தது என்றால்?
பதில் இல்லை. டீ குடிக்கப் போனான்.

சந்தேகப் பட்டியல் நீண்டது.
எஸ்.பி. ரோட்டில் வாங்கிய கெப்பாசிட்டர்கள்,
அசல்தான் என்று கடைக்காரர்
பிள்ளைமேல் சத்தியம் செய்தவை.
மேஜை விளக்கு. பக்கத்து அறை ஏசி.
ஒரு ராத்திரி மாடி முழுக்க மின்சாரத்தை நிறுத்தி
பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன்.
இருட்டில் நானும் லேப்டாப்பும் கோபுரமும்.
அசையவில்லை.

பீனியாவுக்கே போனேன், சண்டை போட.
சென்னவீரப்பா பூதக்கண்ணாடிக்குக் கீழே
பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
துளை சரி. செம்பு சரி.
"நீங்க வரைஞ்சதைத்தான் மேடம் நான் செஞ்சேன்."
இதைவிடக் கொடிய வாக்கியத்தை
யாரும் என்னிடம் சொன்னதில்லை.

மழை. ஆப்கள் கைவிரித்தன.
நின்ற ஒரே ஆட்டோ, மீட்டருக்கு மேல் பாதி கேட்டது.
"வாபஸ் காலி பரபேக்கு மேடம்."
என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்:
"ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டாங்க.
போற வழி நேரு. வர்ற வழி இல்ல.
மத்திகெரே சுத்தி வரணும்.
நீங்க இறங்கிப் போயிடுவீங்க,
திரும்புற கணக்க யாரு பாக்குறா?"

பாதி வழியில், சிக்னலில், எனக்கு வியர்த்தது.

இரண்டடுக்குப் பலகை. மேலே தடங்கள்,
கீழே முழுக்கச் செம்புத் தரை.
அந்தத் தரையை நான்தான் கோடு கிழித்துப் பிரித்தேன்:
இந்தப் பக்கம் காது, அந்தப் பக்கம் எண்கள்,
இரைச்சல் எல்லை தாண்டக் கூடாதென்று.
பாடத்தில் படித்த ஆசாரம்.
ஆனால் எண்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாய்க்
கட்டி அனுப்பும் தடம்
அந்தப் பிளவின் மேலேதான் போகிறது.
போகும் வழியை நேராக, அழகாக வரைந்திருந்தேன்.
திரும்பும் மின்னோட்டத்துக்கு
தன் தடத்தின் நிழலிலேயே வரத்தான் ஆசை.
பள்ளத்தைக் கண்டு திகைத்து
மூலையிலிருந்த ஒரே பாலத்தைத் தேடி
காதைச் சுற்றி
கத்திக்கொண்டே வந்திருக்கிறது
ஏழு மாதமாக.

தொண்ணூற்றாறாயிரம், வகுத்தல் பன்னிரண்டு.
எட்டாயிரம். விரல்விட்டே எண்ணியிருக்கலாம்.

ஆய்வகத்தில் பிளேடால் கறுப்பைச் சுரண்டி
பிளவின் குறுக்கே செம்புத் துண்டை வைத்துப் பற்றவைத்தேன்.
புகை.
கோபுரம் விழுந்தது என்று எழுத ஆசை.
முக்கால்வாசி விழுந்தது.
மிச்சம் ஒரு குட்டிச்சுவர்.

"இப்போதாவது வெட்டட்டுமா?" என்றான் தேபஜித்.
"பொறு," என்றேன், "சுவருக்குப் பின்னால்
ஏதோ சீறுகிறது."
அது குழாயா, மழையா, இன்னும் தெரியவில்லை.

நான்காவது பதிப்பில் ஒரே ஒரு திருத்தம்:
அந்தக் கோட்டை அழித்தேன்.

ஆட்டோக்காரருக்கு அன்றைக்கு, இறங்கி ஓடிய அவசரத்தில்,
மீட்டருக்கு மேல் இருபது ரூபாய்தான் கொடுத்தேன்.