பலகைக்கு ஒரு சொல்

பெரிய கிளாக்கர் தகரப் பலகையை
என் மேசைமேல் சாய்த்தார்.
மேலே சிங்களம், நடுவில் இங்கிலீசு,
அடியில் ஒரு சாண் வெறும் வெள்ளை.
"அதுல தமிழ எழுதிரு புள்ள.
நாளைக்குப் பதினோராம் நம்பர் மலையில ஸ்பிரே."

அந்தச் சொல் வாசகத்தில் இரண்டு தடவை வருகிறது.
முதலில் ஒரு வேலையாக.
பிறகு, அந்த வேலை
காற்றில் விட்டுவிட்டுப் போகிற பொருளாக.

சாரல் என்று பென்சிலால் எழுதினேன்.
சாரலைச் சுவாசிக்க வேண்டாம்.
ஜன்னலுக்கு வெளியே அதுதான் விழுந்துகொண்டிருந்தது,
ஸ்டோர்க் கூரையை நனைத்தும் நனைக்காமலும்.
லிந்துலையில் பிறந்துவிட்டு
அதைச் சுவாசிக்காதவர் யார்?
அழித்தேன்.

தூவுதல் என்றால் கையில் பூ வந்துவிடுகிறது.

தெளித்தல்.
திருவிழாவில் பூசாரி வேப்பிலையால்
மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்.
குளிருக்கு ஆடு தலையை உதறும்.
உதறினால் சம்மதம் என்று அர்த்தம்.
அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்திருந்தேன்.
நடுவில் ஓர் ஒற்றை எடுத்துவிட்டால் தெளிதல்:
கலங்கிய பீலித் தண்ணீர் குடத்தில் அடங்குவது,
மூன்றாம் நாள் காய்ச்சல்காரி
கண்ணைத் திறந்து கஞ்சி கேட்பது.
ஒற்றை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.
அதையும் அழித்தேன்.

போனில் அகராதி பார்த்தேன்.
குவைத்திலிருந்து வந்த இரவு
சித்தி காலரில் அடித்துவிட்ட சென்ட்டும் இதே சொல்.
சலூன்காரர் காதோரம் பீச்சுகிற தண்ணீரும்.
தேர்தலுக்கு முந்தின ராத்திரி
லயத்துச் சுவரில் ஏறிய சிவப்பு எழுத்தும்.
எல்லாவற்றுக்கும் கீழே ஓர் அர்த்தம்,
வழி தவறி வந்தது போல:
இலையும் பூவுமாய் ஒடித்த சின்னக் கிளை.
அது வேறு வேராம்,
எழுத்து மட்டும் ஒன்றாம்.

பேர் பதியவா, முன்பணம் கேட்கவா,
எதற்கோ மருதவீரன் வந்து நின்றார்.
முதுகில் டேங்க் இல்லாத நேரத்திலும்
பட்டி அழுத்திய தோள்கள்
முன்னுக்கு வளைந்தே இருந்தன.

"அண்ணே, இந்த வேலைய
நீங்க என்னான்னு சொல்லுவீங்க?"
"எந்த வேலைய?"
"நாளைக்குச் செய்யப் போறத."
"மருந்தடிக்கிறது."
இதையெல்லாமா கேட்பார்கள் என்பது போலப் பார்த்தார்.

மருந்து.
டிஸ்பென்சரியில் பிள்ளை நாக்கில் விடுவதும் அதுதான்.
புல்லுக்கு அடிப்பதும் அதுதான்.
கீழ் லயத்துச் செல்லாயி
போன தையில் குடித்தாள் என்று
குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்களே, அதுவும்.
அடித்தல் பற்றி நான் யோசிக்கவில்லை.
நேரம் நாலரை.

எழுதினேன்:
மருந்தடிக்கும் இடம்.
மூச்சு இழுக்க வேண்டாம்.

மருதவீரன் எழுத்துக் கூட்டி வாசித்தார்.
இரண்டாம் வரியில் சிரித்துவிட்டார்,
சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல்,
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.
"அப்ப மூச்ச எங்க வச்சிட்டுப் போறது,
ஆபிசிலயா?"
சட்டைப் பையிலிருந்து நீலக் குப்பி ஒன்றை எடுத்து
வாய்க்குள் இரண்டு அமுக்கு.
கண்ணை மூடி, பத்து வரை எண்ணி, திறந்து,
"இதுக்கும் அந்தப் பேருதான்.
டாக்குத்தர் அப்பிடித்தான் சொன்னாரு."

மழையில் மருந்தடிக்கக் கூடாது என்று
டின்னிலேயே போட்டிருக்கிறது, இரண்டு மொழியில்.
பெரட்டில் பேர் போட்டாயிற்று என்று
ஏழு பேரையும் அனுப்பினார்கள்.

நான் எழுதியது தண்ணிக் கலர்.
பத்து மணிக்குள் கடைசிச் சொல்
பலகையை விட்டு வழிந்துபோயிருந்தது.
சிங்களத்துக்கும் இங்கிலீசுக்கும் ஒன்றும் ஆகவில்லை,
அவை டவுனில் அச்சடித்தவை.

மூச்சு இழுக்க
என்று நின்றிருந்தது பலகை,
தேயிலைக்கு நடுவில்.

பெரிய கிளாக்கர் என்னைத்தான் ஏசினார்.