எட்டு நிமிட நோயாளி

காலை ஒன்பதிலிருந்து எனக்குக் கணையத்தில் புற்று.
ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை
அது எனக்குப் புதிதாகத் தெரியவருகிறது.
எட்டாவது நிமிடம் மணி அடித்ததும் குணமாகிவிடுகிறேன்.
மிச்சமிருக்கும் ஒரு நிமிடத்தில்
தண்ணீர் குடிக்கலாம், தாளில் குறியிடலாம்,
மறுபடி ஒன்றும் தெரியாதவளாக உட்காரலாம்.

தார்த்து நகரம், ஜனவரி.
ஜன்னலுக்கு வெளியே எமயோகி ஆறு
பாதி உறைந்தும் மீதி யோசித்தும் கிடக்கிறது.
நடையில் மருத்துவ மாணவர்கள், வரிசையாக,
வெள்ளைக் கோட்டில் மடிப்பு கலையாமல்.
இன்று என் பெயர் மால்லே கூசிக்.
பேக்கரியில் வேலை, இரண்டு பூனைகள்,
லாட்வியாவில் ஒரு மகன், பேச்சுவார்த்தை இல்லை.
நிஜத்தில் நான் ஹெல்வே.
நாடக அரங்கின் ஓரத்து இருட்டில்
முப்பது வருடம் உட்கார்ந்து
நடிகர்கள் மறந்த வசனங்களை எடுத்துக் கொடுத்தவள்.
ஒருவர் எங்கே தடுமாறுவார் என்பது
அவர் மூச்சை இழுக்கும்போதே எனக்குத் தெரியும்.

தாளில் இருபது கட்டங்கள், கட்டத்துக்கு இரண்டு மதிப்பெண்.
தன் பெயரைச் சொன்னாரா.
கண்ணைப் பார்த்துப் பேசினாரா.
மௌனத்துக்கு இடம் விட்டாரா.
ஏழு நொடி என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.
அவர்கள் உள்ளே எண்ணுவது
உதட்டோரத்தில் தெரிகிறது.

உயரமான ஒருவன்
இஸ்திரி போட்ட குரலில் வருத்தம் தெரிவித்தான்.
குறை சொல்ல ஒன்றுமில்லை. முழு மதிப்பெண்.
ஒருத்தி வாயைத் திறக்கும் முன்பே
டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.
செய்தியைப் பெட்டி சொல்லிவிட்டது.
இன்னொருவன், "ஸ்கேனில் ஒரு மாற்றம்" என்றான்.
என்ன மாற்றம் என்றேன்.
"எதிர்பாராத மாற்றம்" என்றான்.
வானிலை அறிக்கையைப் போல் இருந்தது.

சிரிக்க எனக்கு உரிமை உண்டு.
உர்மாஸுக்கு லிஃப்டில்தான் சொன்னார்கள்,
மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில்.
கதவு திறந்தது. பூங்கொத்தோடு ஒரு ஆள் ஏறினார்.
டாக்டர் பாதி வாக்கியத்தில் நின்றுகொண்டு
தரைத்தளம் வரும்வரை
எண்கள் மாறுவதைப் பார்த்தார்.
அந்த வாக்கியத்தின் மீதியை
நாங்கள் வீட்டில் வைத்து முடித்துக்கொண்டோம்.

பதினைந்தாவதாக வந்தவன் பெயர்
கதவில் ஒட்டிய பட்டியலில் இருந்தது: ரைகோ.
அவனாகச் சொல்லவில்லை.
நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டான்.
அனுமதி கேட்கவில்லை. சுருக்கிச் சொல்லவில்லை.
"புற்று" என்றான், கல்லைக் கீழே வைப்பதுபோல்.
பிறகு பேசாமல் இருந்தான்.
எண்ணவில்லை; எனக்குத் தெரியும்.
தலையைக் குனிந்துகொண்டு என் மடியைப் பார்த்தான்,
மணி அடிக்கும்வரை.
கண்ணைப் பார்த்தாரா: இல்லை.

கதவுவரை போனவன் திரும்பினான்.
"மன்னிக்கணும். அந்த இடது கை
கூசிக் அம்மாவோடதா, உங்களோடதா?"

குனிந்து பார்த்தேன்.
கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு சேர்ந்து
இல்லாத ஒரு ரொட்டித் துணுக்கை
உருட்டிக்கொண்டிருந்தது,
தன்பாட்டுக்கு, என்னைக் கேட்காமல்.
எத்தனை நாளாக?
பதினான்கு பேர் தவறாமல் என் கண்ணைப் பார்த்தார்கள்.
கட்டம் அதைத்தான் கேட்டது.

"அவளோடது" என்றேன்.
வசனம் தவறு.
எடுத்துக் கொடுக்க இருட்டில் யாரும் இல்லை.
அவன் நம்பவில்லை. போய்விட்டான்.
பதினாறாவது ஆள் வந்து
தன் பெயரை அழகாகச் சொன்னாள்.

மாலையில் கூட்டினேன்.
நாற்பதுக்குப் பதினேழு. தேறவில்லை.
மாற்றவில்லை; விதி விதிதான்,
அடுத்த மாதம் அவன் மறுபடி எழுதுவான்,
நாற்காலியில் இடிக்காமல் வரக் கற்றுக்கொள்வான்.
"பிற குறிப்புகள்" என்ற இடத்தில்
வலது கையால் ஒரு வரி எழுதினேன்:
கேட்டது சரி. நான் சொன்னது பொய்.

பாலத்தில் காற்று.
கோட்டுப் பைக்குள் அந்தக் கை,
குளிருக்கு ஒதுங்கிய சின்ன பிராணிபோல் அசைகிறது.
திங்கட்கிழமை பத்தரைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.
அந்த டாக்டர் எப்படிப் பேசுவாரோ.
நான் எதையும் குறிக்கப் போவதில்லை.
கையை மேசைமேல் வைத்துவிட்டு
சும்மா இருப்பேன்.