செப்டம்பரில் ஒரு தோல்வி

நூற்றுமூன்று.
கடைசி ஆட்டத்தன்று அந்த எண்ணை எழுதிவிட்டுப்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.
ஏரிக்காற்று
காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தது.
ஒன்பதாவது இன்னிங்ஸில் நானூறு பேர் இருந்திருப்போம்,
கடற்காகங்களைச் சேர்க்காமல்.

டுலூத்தில் குளிர் வாக்குத் தவறாது.
அக்டோபர் முடிவதற்குள் என்னைப் பனிவண்டியில் ஏற்றிவிட்டார்கள்.
ஒரு நவம்பர் விடிகாலை, மூன்று மணி, சுப்பீரியர் தெரு.
முன்னால் இரும்புக் கலப்பை, பக்கத்தில் ரேடியோ.
ரேடியோ சொன்னது:
ரஸ் ஹால்வர்சனைக் கைமாற்றிவிட்டார்களாம்.
பதினோரு வருடம் எங்களுக்காகப் பந்து வீசிய தோள்.
பதிலுக்கு மூன்று பையன்கள்.
ஒருவனுக்கு இன்னும் சவரம் பழகவில்லை.

வண்டியை ஓரம் கட்டினேன்.
அழவில்லை. ஆறிப்போன காபியைக் குடித்தேன்.

பக்கத்து சீட் லெம்பி, துறைமுகத்தில் தாது ஏற்றுகிறவள்,
போனில் கத்தினாள்:
"புதுசாக் கட்டுறோம், புதுசாக் கட்டுறோம்னு
எத்தனை வருஷமா அஸ்திவாரமே தோண்டுறாங்க!
அந்தக் குழியில இப்ப மீன் வளர்க்கலாம்."

நியாயம்தான்.
முந்தைய மேலாளர் ஐந்தாண்டுத் திட்டம் என்றார்,
இரண்டாம் ஆண்டில் அவரையே அனுப்பிவிட்டார்கள்.
அவருக்கு முந்தையவர் பொறுமை என்றார்,
அவருடைய கார் மட்டும் வருடா வருடம் மாறியது.

ஆனாலும்
மின்கட்டண உறையின் பின்புறத்தில்
அந்தப் பெயர்களை எழுதினேன்.
யோர்வின் அரிஸ்மெண்டி, பத்தொன்பது, இடக்கை வீச்சு.
கேலெப் ட்வோரக், கேட்சர், முழங்கால் இரண்டும் நன்றாக இருக்கிறதாம்.
மூன்றாமவன் பெயர் இரைச்சலோடு போய்விட்டது.
அவனுக்கு ஒரு கோடு போட்டு வைத்தேன்.

யோர்வின் வீசும் வீடியோ ஒன்று உண்டு.
எஞ்சின் சூடாகும்வரை அதைத்தான் பார்ப்பேன்.
பதினேழு நொடி.
பந்து நேராக வருகிறது, நேராகவே வருகிறது,
மட்டைக்காரன் நம்பிவிட்டான்,
இருட்டில் கால் வைத்தால் படி இல்லாததுபோல்
சட்டென்று இறங்குகிறது.
நடுவரே ஒரு நொடி யோசித்துத்தான் கை தூக்குகிறார்.
பையன் சிரிக்கவில்லை.
தொப்பியைச் சரிசெய்துகொண்டு
அடுத்த பந்துக்குக் கை நீட்டுகிறான்.

அந்த நீட்டிய கைக்காகத்தான்
அடுத்த வருட சீட்டுக்குப் பணம் கட்டினேன்.
பிரேக் மாற்ற வைத்திருந்த பணம்.

கோப்பையா? அது பணக்கார ஊர்களின் பேச்சு.
என் ஆசைகள் சில்லறை.
மூன்றாம் தளத்தில் பந்து வந்தால் பிடிக்கிற ஒருவன்.
ஏழாவது இன்னிங்ஸில் வாசலைப் பார்க்காத கூட்டம்.
எங்கள் அணியின் பெயரைச் சொல்லுமுன்
தொண்டையைச் செருமாத அறிவிப்பாளர்.

இன்னொன்றும் உண்டு, லெம்பியிடம்கூடச் சொல்லவில்லை:
செப்டம்பரில் ஒரு தோல்வி வேண்டும்.

இந்த வருடத் தோல்விகள் வலிக்கவே இல்லை.
மே மாதத்திலேயே மரத்துப்போனோம்.
ஆறு ரன் வித்தியாசம், ஒன்பது ரன் வித்தியாசம்,
ஹாட்டாக் தின்றுகொண்டே பார்த்தோம்.
முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கென்று
மழையில் தொப்பியைக்கூடக் கழற்றிவிட்டோம்.

நான் கேட்பது
நாலு வருடம் கழித்தோ ஐந்து கழித்தோ
ஒரு செப்டம்பர் இரவு.
ஒரே ஒரு ரன்னில்,
யோர்வினின் அந்த இறங்கும் பந்து இறங்காமல் போய்,
பதினெட்டாயிரம் பேர் ஒன்றாக மூச்சுவிட மறந்து,
லெம்பியின் நகம் என் மணிக்கட்டில் பதிந்து,
பாலம் தாண்டும்வரை காரில் யாரும் பேசாமல்,
படுத்தும் தூக்கம் வராமல்.

அப்படித் தோற்பதற்கு
முதலில் எத்தனை ஆட்டம் ஜெயித்திருக்க வேண்டும்!

இன்று பிப்ரவரி பதினான்கு. பனி நிற்கவில்லை.
தெற்கே வெயிலில் பையன்கள் பயிற்சிக்கு வந்துவிட்டார்களாம்.
மூன்றாமவன் பெயரும் கிடைத்துவிட்டது, ஒடெல் ப்ரிம்.
உறையைத் தேடி எடுத்து
அந்தக் கோட்டின் மேல் எழுதினேன்,
பென்சிலால்தான்,
கொஞ்சம் அழுத்தி.